வெயில் நாட்டில் வெப்பூட்டி எதற்கு?

"வெயில் நாட்டில் வெப்பூட்டி எதற்கு? கழற்றி எறிந்துவிட்டு வேறு வேலையைப் பாரும்!"

பழைய ஆங்கிலக் கார் ஒன்றின் முகப்புப் பலகையைப் பிரித்து வைத்துக்கொண்டு, எழுத்தழிந்த குமிழையும் இறுகிப்போன நெம்புகோலையும் சீர்செய்ய முயலும் எவருக்கும் ரந்தாவ் வட்டாரத்தில் கிடைக்கும் முதல் அறிவுரை இதுதான். கூறுபவர் பகைவரல்லர். பெரும்பாலும் உறவினராகவோ, பக்கத்துப் பட்டறைக்காரராகவோ, தேநீர் அருந்த வந்த இடத்தில் எட்டிப் பார்த்த நண்பராகவோ இருப்பார். நல்லெண்ணத்தோடுதான் கூறுகின்றார். நல்லெண்ணத்தோடு கூறப்படுவதனாலேயே இக்கருத்தை இதுகாறும் எவரும் எதிர்த்துக் கேட்கவில்லை. கேட்கத்தான் வேண்டும் என்பது என் துணிபு.

இலக்கியக் கட்டுரைகளுக்கு நடுவே காரின் வெப்பூட்டிக்கு என்ன வேலை என்று தமிழாசிரியர் ஒருவர் இந்நேரம் முகம் சுளித்திருக்கக்கூடும். அந்தச் சுளிப்பைப் பற்றியும் எழுதத்தான் போகின்றேன். சற்றே பொறுத்தருள்க.

முதலில் பொருள் இன்னதென்று தெளிவோம். இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் ரேடியேட்டருக்குச் சென்று ஆறித் திரும்புவதை யாவரும் அறிவர். அந்நீரின் ஒரு கிளை, பித்தளைத் திறப்பு ஒன்றின் வழியாக முகப்புப் பலகையின் அடியிலுள்ள மற்றொரு சிறு ரேடியேட்டருக்கும் வருகின்றது. அதற்கருகே ஒரு மின்விசிறி உண்டு. வெப்பக் காற்று காலடிக்குச் செல்வதா, கண்ணாடிக்குச் செல்வதா, எங்குமே செல்லாதிருப்பதா என்பதைத் தகட்டுக் கதவுகள் முடிவு செய்கின்றன. இக்கதவுகளையும் சில வண்டிகளில் அந்தத் திறப்பையும் இயக்குபவை, சுருள் உறைக்குள் ஓடும் எஃகுக் கம்பிகள். கம்பிகளின் மறுமுனையில், ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில், குமிழ்களும் நெம்புகோல்களும் இருக்கின்றன. வெப்பூட்டிக் கட்டுப்பாடு என்பது இவ்வளவுதான். மின்னணு நுட்பம் எதுவுமில்லை. பன்னிரண்டு வயது மாணவன் ஒரு பிற்பகலில் விளங்கிக்கொள்ளலாம்.

இனி, அந்த அறிவுரையைச் சற்று உரசிப் பார்ப்போம்.

ரந்தாவ், சிரம்பானிலிருந்து லிங்கி நோக்கிச் செல்லும் சாலையில் உள்ளது. ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் முப்பது பாகைக்கு மேல் ஏறும் தாழ்நிலம். இங்கே காருக்குள் வெப்பக் காற்றை வேண்டுவார் இலர் என்பது மெய்தான். ஆனால் வெப்பூட்டியின் கட்டுப்பாடு திறப்பதற்கு மட்டுமா? அடைப்பதற்கும் அதுவே அல்லவா? கம்பி அறுந்து, கதவு பாதி திறந்தபடி நின்று, பித்தளைத் திறப்பும் துருவேறித் திறந்தே கிடந்தால் என்ன நேரும்? எண்பது பாகைக்கு மேல் கொதிப்பேறிய நீர், ஓட்டுநரின் முழங்காலுக்கு முன்னே ஓயாது சுற்றிக்கொண்டிருக்கும். பழைய காரில் ஏறியவர்கள் "உள்ளே அடுப்புப் போல இருக்கிறது" என்று இறங்குவதற்குப் பல வண்டிகளில் காரணம் இதுவே. குளிர் நாட்டானுக்குக் கட்டுப்பாடு பழுதானால் கால் சில்லிடும். நமக்குப் பழுதானால் வண்டியே உலையாகும். ஆகவே, வெப்பூட்டி பொருத்திய வண்டியில் அதன் கட்டுப்பாட்டின் தேவை அவனைக் காட்டிலும் நமக்கு அதிகம்.

இன்னொன்று. பெட்ரோல் எரிந்து தரும் வெப்பத்தில் பழைய வண்டியின் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுவது ஏறத்தாழக் கால்பங்குதான். மீதமுள்ளதில் பெரும்பகுதி புகைவழியாகவும் நீர்வழியாகவும் வெளியேறியாக வேண்டும். சிரம்பானிலிருந்து கோலப்பிலா செல்லும் பழைய புக்கிட் புத்துஸ் வளைவுச் சாலையில், 2009இல் மேம்பாலச் சாலை திறக்கப்படும் முன்னர், பாரமேற்றிய வண்டிகளை ஓட்டியவர்களுக்கு இது நூலறிவன்று, மேனியறிவு. வெப்பமானியின் முள் சிவப்பை நெருங்கும்பொழுது பழுத்த ஓட்டுநர் என்ன செய்வார்? சன்னல்களை இறக்குவார், வெப்பூட்டியை முழுமையாகத் திறப்பார், விசிறியையும் சுழலவிடுவார். வியர்வை ஆறாய் ஓடும். ஆனால் இயந்திரம் பிழைக்கும். வெப்பூட்டி என்பது வண்டியின் இரண்டாவது ரேடியேட்டர் என்பதை அவர் அறிந்திருந்தார். அதனைக் கழற்றி எறியச் சொல்லும் அறிவாளர் அறியார்.

அடைமழையில் கண்ணாடியின் உட்புறம் பனித்து வழி மறைவதையும், கேமரன் மலைக்குச் செல்வோர் விடியற்காலையில் படும் பாட்டையும் இங்கு விரிக்கவில்லை. அவை சிறு பயன்கள். வாதத்துக்கு மேலே சொன்ன இரண்டே போதும்.

"கழற்றி எறி" என்பது வெப்பூட்டியோடு நிற்கும் கொள்கையா என்றால், இல்லை. வெப்பூட்டிக்குச் செல்லும் இரு குழாய்களையும் பிடுங்கி ஒன்றோடொன்று கோத்து முடிப்பது, அப்படியே தெர்மோஸ்டாட்டையும் கழற்றி வீசுவது, வெற்றான இடத்தில் வானொலியைப் பொருத்துவது என்று இதற்கொரு வரிசை இருக்கின்றது. தெர்மோஸ்டாட் இல்லாத இயந்திரம் உரிய சூட்டை அடைய நெடுநேரமாகும். அதுவரை எண்ணெய் கூடுதலாகக் குடிக்கும். உள்ளுறுப்புகளும் விரைவாகத் தேயும். "குளிர்ச்சியாக இருக்கிறதே" என்று உரிமையாளர் மகிழ்ந்திருப்பார். குழாய்நீரையே ரேடியேட்டரில் ஊற்றி, பச்சைத் திரவம் பனி நாட்டுக்காரனுக்குரியது என்று நகைப்பவரும் இவரே. அத்திரவம் உறைதலைத் தடுப்பதோடு துருவையும் தடுக்கின்றது என்பதைப் புட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கின்றார்கள். துருவே வெப்பூட்டியின் நுண்குழாய்களை அடைக்கின்றது. அடைபட்டதைக் கண்டு, "பார்த்தீரா, இந்த நாட்டுக்கு இது ஒத்துவரவில்லை" என்று தீர்ப்பும் வழங்கப்படுகின்றது. ஒத்துவராமற் போனது எது என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

எதிர்த்தரப்பில் மற்றொரு வகையினரும் உளர். இவர்களைப் பளபளப்புக் கட்சியார் எனலாம். இவர்கள் எதையும் கழற்றி எறிவதில்லை. மாறாக, எதையும் தேய்ந்தபடி இருக்கவிடுவதும் இல்லை. எழுத்து மங்கிய குமிழா? வெளிநாட்டிலிருந்து புதியது தருவி! கிடைக்கவில்லையா? கணினியில் வரைந்து அச்செடுத்துவிடு! வண்டி கண்காட்சிக்குப் போகின்றது, பரிசும் வாங்குகின்றது. அதில் ஓட்டியவரின் கைபட்ட பொருள் ஒன்றேனும் எஞ்சியிருக்கின்றதா என்று கேட்டால் விடையில்லை.

சீர்செய்தல் என்பது இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழி. அது எவ்வாறு நடைபெறுகின்றது என்பதைச் சற்று விரிவாகவே கூற வேண்டும். நம்மவர் பலர் இதை வெறும் 'துடைத்து வைக்கும் வேலை' என்று கருதுகின்றனர்.

முதலில் குமிழின் பொருளை அறிய வேண்டும். பழைய குமிழ்களிற் பல பேக்லைட்டால் ஆனவை. பேக்லேண்டு என்னும் வேதியியலார் 1907இல் உருவாக்கிய இச்செயற்கைப் பொருள், ஒருமுறை இறுகினால் மீண்டும் உருகாது. சூட்டுக்கோலை வைத்து ஒட்டலாம் என்று எண்ணுபவர், கருகிய வாடையைத்தான் பெறுவார். பிளவுக்கு இருகூட்டுப் பசையே மருந்து. பிற்காலத்துக் குமிழ்கள் வேறுவகை நெகிழி. சிலவற்றைக் கரைப்பான் கொண்டு இணைக்கலாம். இரண்டையும் பிரித்தறியாதவன் கையில் இரண்டும் பாழாகும். இனி எழுத்து. குடைந்து வெட்டி வண்ணம் நிரப்பிய எழுத்தும் உண்டு. மேலே அச்சிட்ட எழுத்தும் உண்டு. குடைந்த எழுத்தாயின் அச்சமில்லை. வழலை நீரில் மென்தூரிகையால் அழுக்கை நீக்கி, பள்ளத்தில் வெள்ளை வண்ணத்தைப் பல்குத்தியால் இட்டு, அது இறுகுமுன் விளிம்பை அட்டையால் வழித்துவிட்டால் போதும். அச்செழுத்தாயின் தின்னரில் நனைத்த துணி ஒருமுறை பட்டாலே அழிந்துவிடும். பெட்ரோலால் துடைத்தால் எல்லாம் தூய்மையாகும் என்னும் பட்டறை நம்பிக்கைக்கு எத்தனை வண்டிகளின் எழுத்துகள் பலியாயின என்பதற்குக் கணக்கில்லை!

அடுத்தது கம்பி. இதுதான் நுட்பமான இடம். கம்பி இறுகியிருந்தால் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உறைக்குள் மெல்லிய எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் பலமுறை ஓட்ட வேண்டும். அறுந்திருந்தால் மாற்ற வேண்டும். எதைக் கொண்டு மாற்றுவது? கையருகே கிடைப்பது மிதிவண்டியின் தடைக்கம்பி. அதைப் பொருத்திப் பார்த்தால் கதவு திறக்கும், ஆனால் மூடாது. ஏன்? மிதிவண்டிக் கம்பி பல இழைகளை முறுக்கியது. இழுக்கும் வலிமை அதற்குண்டு. தள்ளும் வலிமை இல்லை. தடையை இழுத்தபின் மீட்பதற்கு அங்கே வில்சுருள் இருக்கின்றது. வெப்பூட்டிக் கதவுக்கோ அத்தகைய வில்சுருள் பெரும்பாலும் இராது. அங்கே ஒற்றை இழையான எஃகுக் கம்பி வேண்டும். இழுத்தால் வரவும் தள்ளினால் போகவும் வல்லது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வாங்கிய மாணவனுக்கு இழுவிசையையும் அமுக்கவிசையையும் கரும்பலகையில் இருமுறை விளக்க வேண்டியதில்லை.

உறையின் பிடிக்கொக்கியை எங்கே இறுக்குவது என்பதும் ஒரு கலை. அரை விரற்கடை தவறினால் நெம்புகோல் ஓரத்தைத் தொட்டும் கதவு முழுதாக மூடாது. கதவின் விளிம்பிலிருந்த மென்பஞ்சு பொடியாய் உதிர்ந்திருக்கும். அதற்கு ஈடாக நீர் உறிஞ்சாத பஞ்சுப்பட்டை ஒட்ட வேண்டும். பித்தளைத் திறப்பைக் கழற்றி, இருக்கையை நுண்பொடி இட்டுத் தேய்த்து, அடைப்பு வளையத்தை மாற்ற வேண்டும். பல மோரிஸ் மைனர்களில் இத்திறப்பு இயந்திரத்தின் தலைப்பகுதியிலேயே இருப்பதால், கண்ணில் படாமலே பல்லாண்டு துருவேறிக் கிடக்கும். துத்தநாக வார்ப்பின்மேல் குரோமியம் பூசிய பகுதிகளில் புள்ளிபுள்ளியாய்ப் பொரிந்திருந்தால், உப்புத்தாளை எடுக்காமலிருப்பதே பெரிய உதவி.

குமிழின் விளிம்பில் ஒருபுறம் மட்டும் தேய்ந்து வழவழப்பாக இருக்குமே, அதை என்ன செய்வது? அதை அப்படியே விட வேண்டும் என்பேன். இயக்கம் முழுமையாக மீள வேண்டும். தேய்மானம் இருந்தவாறே இருக்க வேண்டும். பளபளப்புக் கட்சியாரோடு எனக்குள்ள வழக்கின் உயிர்நிலை இதுதான்.

ஏனெனில் அந்தத் தேய்மானம் ஒருவருடைய கட்டைவிரலால் ஆனது.

இங்கேதான் மூன்றாமவர் ஒருவர் எழுகின்றார். இவருடைய வாதம் முன்னிருவருடையதைப் போல எளிதன்று. எனவே மதிப்புடன் விடையிறுக்க வேண்டும். அவர் கேட்கின்றார்: "அந்தக் கார் யாருடையது? துரையுடையது. அவன் பங்களாவுக்கும் கிளப்புக்கும் போய்வந்த வண்டி. குளிர் நாட்டில் விடுமுறையில் வாங்கி, அங்கே ஓட்டி, கப்பலேற்றிக் கொண்டுவந்ததால் அதில் வெப்பூட்டி இருந்தது. நம் பாட்டனும் பாட்டியும் விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பால்மரத்தடியில் உழைத்துத் தேய்ந்தார்களே. அவர்கள் குடியிருந்த லயங்கள் இடிந்து செம்பனைக்குள் மறைந்தனவே. அவற்றைச் சீர்செய்ய ஆளில்லை. துரையின் காருக்கு நாம் பல்குத்தியால் வண்ணம் தீட்ட வேண்டுமோ?"

வினா சுடுகின்றது. ஆயினும் இதில் இரு பிழைகள் உள.

ஒன்று, பழைய கார் என்றாலே துரையுடையது என்பது. மோரிஸ் மைனர் 1948இல் இலண்டன் கண்காட்சியில் அறிமுகமானது. இசிகோனிசு என்னும் பொறியியலார் வடிவமைத்தது. இங்கிலாந்தில் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதல் கார் வகை அதுவே. அவ்வாறு பெருகியதற்குக் காரணம், அது பெருஞ்செல்வரின் வண்டியாக இல்லாமையே. மலாயாவில் கிராணியாரும் தோட்ட மருத்துவமனையின் டிரெசரும் பள்ளி ஆசிரியரும் சிறுகச் சேர்த்து வாங்கிய வண்டி அது. அந்த வண்டியில் வெப்பூட்டியைத் தனி விலை கொடுத்தே நெடுங்காலம் பெற வேண்டியிருந்தது. இங்கே வந்த பலவற்றில் அது இல்லாமைக்கும் சிலவற்றில் இருந்தமைக்கும் அதுவே காரணம். 1960களின் இறுதியில் ஷா ஆலமில் சுவீடன் நாட்டு வோல்வோக்களைக் கோக்கத் தொடங்கியபின் அவையும் நம் சாலைகளில் ஓடின. இவற்றையெல்லாம் துரையின் கணக்கில் எழுதிவிட்டால், நம்மவர் சேர்த்து வைத்த சிறு செல்வத்தின் வரலாற்றையும் சேர்த்து அழித்தவராவோம்.

இரண்டாவது பிழை இதனினும் பெரிது. கார் துரையுடையதாகவே இருக்கட்டும். அதனை ஓட்டியவர் யார்? விடியலில் கழுவியவர் யார்? வழியில் நின்றபொழுது தோளளவு இயந்திரத்துக்குள் புகுந்து எழுப்பியவர் யார்? பழைய தோட்டப் படங்களைக் காண்க. வெள்ளுடை அணிந்த துரை காரின்மேல் கைவைத்து நிற்பார். ஓட்டுநர் படத்தின் விளிம்புக்கு அப்பால் நின்றிருப்பார். நிழல் மட்டும் சில வேளை உள்ளே விழுந்திருக்கும். பெயரேட்டிலும் 'டிரைவர்' என்ற சொல்லுக்கு மேல் அவரைப் பற்றி மிகுதியாக எழுதியிருக்கமாட்டார்கள். குமிழில் பொறித்த ஆங்கில எழுத்துகளைப் படிக்கத் தெரியாத ஓட்டுநர்களும் இருந்தனர். ஆனால் எந்தக் குமிழை எத்தனை விரற்கடை இழுத்தால் எந்தக் கதவு திறக்கும் என்பதை இருட்டிலும் விரலால் அறிந்திருந்தனர். எழுத்தைக் கண்ணால் படித்தவன் முதலாளி. குமிழைக் கையால் படித்தவன் தமிழன். படத்தில் இடம் பெறாத அந்த மனிதனின் கையொப்பம் எஞ்சியிருப்பது குமிழின் தேய்ந்த விளிம்பில்தான். பளபளப்புக் கட்சியார் புதுக் குமிழ் வாங்கிப் பூட்டும்பொழுது, அவனை இரண்டாம் முறையாகப் படத்திலிருந்து நீக்குகின்றனர். 'துரையின் வண்டி, நமக்கென்ன' என்று ஒதுங்குகின்றவரும் அதற்கு உடந்தையாகின்றார் என்பதை வருத்தத்தோடு கூற வேண்டியிருக்கின்றது.

லயங்களைச் சீர்செய்ய ஆளில்லை என்பது மெய். ரந்தாவைச் சூழ்ந்திருந்த பால்மரக் காடுகள் செம்பனையாயின. செண்டாயான் பக்கம் ஆலைகளும் அடுக்கடுக்கான குடியிருப்புகளும் எழுந்தன. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் கையில் எடுத்துச் சென்றவை யாவை? நிலமில்லை, வீடில்லை. வேலை தெரிந்த கை ஒன்றுதான் எடுத்துச் செல்லத்தக்கதாய் இருந்தது. தோட்டத்து லாரியையும் டிராக்டரையும் பழுதுபார்த்துப் பழகிய கை, நகர்ப்புறத்துப் பட்டறையில் சோறு போட்டது. அதனால்தான் கைத்தொழிலை இகழும் சொல் நம்மிடையே வழங்கும்பொழுது என் நெஞ்சு கொதிக்கின்றது. தோட்டம் அழிந்தபின் நம் மக்களில் பலரைத் தாங்கிய தூணை நாமே அரிக்கின்றோம்.

ஆசிரியப் பெருமக்களே, இனி உங்களோடுதான் பேச்சு.

"ஒழுங்காகப் படிக்கவில்லையென்றால் பட்டறையில்தான் போய்க் கிடப்பாய்!" இவ்வாக்கியத்தை வகுப்பறையில் கேளாத தமிழ்ப்பள்ளி மாணவன் உண்டா? அச்சுறுத்துவதற்குப் பட்டறையைத் தவிர வேறு இடம் கிடைக்கவில்லையா? அதே வகுப்பில் மூன்றாம் வரிசையில், தந்தை பட்டறை வைத்திருக்கும் சிறுவன் ஒருவன் அமர்ந்திருப்பான். தன் தந்தை தோற்றுப்போனவர் என்று ஆசிரியர் வாயாலேயே அன்று அறிகின்றான். மாலையில் அந்தத் தந்தை எண்ணெய்க் கையோடு சம்பாதித்த வெள்ளியில்தான் பள்ளிக் கட்டணமும் பயிற்சி நூலும் வாங்கப்படுகின்றன. பின்னர், "பெற்றோரை மதிக்க வேண்டும்" என்று நன்னெறிப் பாடமும் நடத்துகின்றோம்.

கோயம்புத்தூரில் வாழ்ந்த ஜி. டி. நாயுடுவின் (1893–1974) பெயரை நம் நூல்கள் பெருமையுடன் கூறுகின்றன. பள்ளிக்கல்வியில் நிலைக்காதவர், மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மீண்டும் கோத்தே இயந்திரக் கல்வியைத் தொடங்கியவர். அவருடைய வழியினர் கோயம்புத்தூரில் 2015இல் திறந்த கார் அருங்காட்சியகத்தைக் காண இங்கிருந்தும் சுற்றுலாச் செல்வோர் உளர். இலங்கையின் தென்பகுதியில் 1990களில் மோரிஸ் மைனருக்கான உறுப்புகளைப் புதிதாகச் செய்து, அந்த வண்டி பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்த தொழிலகமும் இருந்தது. நூலில் இருந்தால் மேதை, அடுத்த தெருவில் இருந்தால் பட்டறைக்காரன் என்பது என்ன அளவுகோல்?

தமிழ்ப்பள்ளிகளில் 'தன்கதை' என்றொரு கட்டுரை வகை நெடுங்காலமாகக் கற்பிக்கப்படுகின்றது. நான் ஒரு பேனா, நான் ஒரு மிதிவண்டி, நான் ஒரு கார் என்று பொருளே பேசுவதாக மாணவர் எழுதுவர். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்ட பின்னும் இவ்வகை ஒழிந்தபாடில்லை; ஒழிய வேண்டியதும் இல்லை. ஆனால் அதன் முடிவைக் கவனித்திருக்கின்றீர்களா? பொருள் பிறக்கும், கடைக்கு வரும், ஒருவர் வாங்குவார், சில காலம் மகிழ்ச்சி, பின்னர் அடிபடும், இறுதியில் குப்பைமேட்டிலோ பழம்பொருள் கிடங்கிலோ கிடந்து கண்ணீர் வடிக்கும். நான் படித்த தன்கதைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இதுவே முடிவு. பழுதான பொருளை எவரேனும் எடுத்துப் பிரித்து, கோளாற்றைக் கண்டு, சீர்செய்து மீண்டும் ஓட்டியதாக ஒரு கட்டுரையேனும் கண்டதுண்டா? மிக அரிது. பழுதானால் எறிவதே இயற்கை என்பதைப் பத்து வயதிலேயே அழகிய தமிழில், உவமைத்தொடரும் மரபுத்தொடரும் சேர்த்துக் கற்பித்துவிடுகின்றோம். "கழற்றி எறி" என்னும் அறிவுரை பட்டறையில் பிறந்ததன்று என்று நான் ஐயுறுவதற்கு இதுவே காரணம். அது நம் கட்டுரைப் பயிற்சியேட்டில் பிறந்தது.

கட்டுரை மாற வேண்டுமானால் சொல் வேண்டும். சொல் எங்கே இருக்கின்றது? பட்டறையில் இருக்கின்றது என்றால் தமிழ்ப்பற்றாளர் சிலர் சீறுவர். "அங்கே வழங்குவது தமிழா? போமன், ஸ்பானர், ரேடியேட்டர், கேபிள்; இவை தமிழா?" என்பர். அன்பர்களே, போமன் என்னும் சொல்லைப் பாருங்கள். மேற்பார்வையாளனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் மலாய் நாவில் புகுந்து பழுதுபார்ப்பவனைக் குறிப்பதாகி, அங்கிருந்து நம் நாவுக்கும் வந்திருக்கின்றது. மூன்று மொழிகள் ஒரே பட்டறையில் கைகலந்து வேலை செய்ததற்கு அச்சொல்லே சான்று. தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். திசைச்சொல்லுக்குத் தம் வகுப்பில் ஓரிடம் தந்த ஆசான் அவர். நாம் அதனைக் கதவடைத்துத் துரத்துகின்றோம்.

புதுச்சொல் படைத்தலை நான் எதிர்ப்பவனல்லன். வெப்பூட்டி நல்ல சொல். முகப்புப் பலகை நல்ல சொல். குமிழ் பழைய மிதியடியிலிருந்தே வரும் நம் சொல். ஆனால் அறைக்குள் அமர்ந்து படைத்த சொல், கம்பியைக் கையில் பிடித்துப் பார்த்தவனுக்குத் தெரியும் வேறுபாட்டை அறியாது. இழுகம்பி வேறு, தள்ளுகம்பி வேறு என்று நான் மேலே கூறினேனே, அகராதிகள் இரண்டையும் 'வடம்' என்று முடித்துவிடும். பட்டறைக்காரனோ "இது இழுக்கும், தள்ளாது" என்பான். இரண்டே வினைச்சொற்கள், பொருள் முழுதும் விளங்கிவிட்டது. கலைச்சொல்லாக்கக் குழுவினர் ஒரு வாரம் அவனருகே அமர்ந்து, அவன் என்ன பெயர் சொல்லுகின்றான், எந்த வினையைப் பயன்படுத்துகின்றான் என்று குறித்துக்கொண்டு வந்தால் தமிழுக்கு ஆக்கம் மிகுதி. காலந்தாழ்த்தவும் இயலாது. கம்பியால் இயங்கிய வெப்பூட்டிகளைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களுக்கு இன்று வயதாகிவிட்டது. அவர்களுடைய பிள்ளைகள், நாம் அச்சுறுத்தியபடியே, பட்டறைப் பக்கம் வரவில்லை. இயந்திரத்தைக் கணினியில் இணைத்துக் கோளாற்றைப் படிக்கும் புதிய தொழில் வந்திருப்பது நல்லதே. ஆயினும் காதால் கேட்டு, விரலால் தடவிக் கோளாற்றை அறியும் பழைய தொழிலின் சொற்களை ஏட்டில் ஏற்றாமலே புதைத்துவிட்டால் பின்னர் தேடி எடுப்பதற்கு வழியில்லை.

"பாடத்திட்டத்தில் இடமில்லை" என்பது ஆசிரியரின் இறுதிக் கேடயம். 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்று தொடக்கப்பள்ளியிலேயே ஒரு பாடம் இருக்கின்றதே! அதிலே அட்டையாலும் நெகிழிப் புட்டியாலும் ஏதேதோ செய்கின்றோம். மதிப்பெண் பெற்றபின் அவையும் குப்பைக்கே போகின்றன. புதிது செய்வதற்கு ஒதுக்கிய நேரத்தில் கால்பங்கைப் பழையது மீட்பதற்குத் தந்தால் எந்த அமைச்சு தடுக்கப் போகின்றது? பட்டறை வைத்திருக்கும் தந்தையை ஒருநாள் வகுப்புக்கு அழையுங்கள். மேசைமேல் ஒரு வெப்பூட்டிக் கட்டுப்பாட்டைப் பிரித்து வைக்கட்டும். அவர் பேசும் பேச்சை மாணவர் எழுதிக்கொள்ளட்டும், திருத்தாமல் எழுதட்டும். அடுத்த நாள், 'நான் ஒரு வெப்பூட்டிக் குமிழ்' என்று தன்கதை எழுதச் சொல்லுங்கள். அது குப்பைமேட்டில் முடியக்கூடாது என்பதை மட்டும் நிபந்தனையாக வையுங்கள்.

இதற்குப் பெருஞ்செலவு உண்டோ எனின், இல்லை. வெள்ளை வண்ணம் ஒரு சிறு புட்டி, பல்குத்தி, வழலை, மண்ணெண்ணெய் கொஞ்சம், ஒற்றை இழை எஃகுக் கம்பி ஒரு மீட்டர். ரந்தாவ்க் கடைத்தெருவில் சில வெள்ளிகளில் வாங்கிவிடலாம். குமிழுக்கு மட்டும் பட்டறைக்குச் சென்று, போமனை 'ஐயா' என்று அழைத்துக் கேட்க வேண்டும்.